மூன்று முறை காய்ச்சிய தண்ணீர்

எனக்கு மூக்கின் நுனியில் கோபம் என்று என் மனைவி பிரேமினி சொல்வாள். பொய்யில்லை. நெடுந்தீவில் நான் சண்டை பிடிக்காத மீன் யாவாரி ஒருவரும் கிடையாது. அப்படிப்பட்டவன் வலையைக் கரையில் போட்டுவிட்டு, ஒரு கையில் பச்சைக் குழந்தையும் மறு கையில் சூப்பிப்போத்தலுமாகக் குசினிக்குள் நின்றேன் என்றால், அதற்குக் காரணமும் அந்தக் கோபம்தான்.

கலியாணமாகி ஒன்பது வருடத்துக்குப் பிறகு எங்களுக்கு ஜொய்சி பிறந்தாள். யாழ்ப்பாணத்து ஆசுபத்திரியில், இரண்டு கிலோ தொள்ளாயிரம் கிராம். ஐந்தாம் நாள் பிரேமினிக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. கால் இரண்டும் வீங்கின. பேறோடு இருதயம் சோர்ந்துபோய்விட்டது, மருந்தால் மாறும், ஆனால் மாதக்கணக்காகும் என்றார்கள். அந்த மருந்து தாய்ப்பாலை நிறுத்திவிடும் என்றும் சொன்னார்கள். பிரேமினி மூன்று நாள் அழுதாள். தாய் பாலூட்டும் படம் ஒட்டிய சுவருக்குக் கீழேதான் அவளுடைய கட்டில் இருந்தது. அந்தப் படத்தைக் கிழித்து எறிய வேண்டும்போல எனக்குக் கை துடித்தது.

ஆசுபத்திரியால் விட்ட பிறகும் அவள் கடல் தாண்டக்கூடாது, கிழமைக்கொரு தரம் வந்து காட்ட வேண்டும் என்று கட்டளை. யாழ்ப்பாணத்திலேயே, குருநகரில் சொந்தக்காரர் வீட்டில் ஓர் அறை கிடைத்தது. அவளைப் பார்க்க ரொரன்ரோவிலிருந்து அவளுடைய அக்கா, என் மச்சாள் அன்ரனிட்டா இரண்டு மாத லீவில் வந்து இறங்கினார். அந்தச் சின்ன அறைக்குள் எழும்ப ஏலாத தாயையும் இரவெல்லாம் விழிக்கிற பிள்ளையையும் ஒரு ஆளால் பார்க்க முடியாது. கொழும்புப் பக்கம் வத்தளையில் பிள்ளையில்லாத ஒன்றுவிட்ட தங்கச்சி ஒருத்தி இருக்கிறாள், தாய் சுகமாகும்வரை அவளிடம் விடலாம் என்று மச்சாள் ஒரு பேச்சை எடுத்தார். எனக்கு ஏறிவிட்டது. என் பிள்ளையை நான் பார்ப்பேன் என்று சொன்னேன். சொல்லிவிட்டேனே, பிறகு பின்வாங்க முடியுமா?

மச்சாள் இரண்டு பெரிய பெட்டிகள் கொண்டுவந்திருந்தார். உடுப்பு, சொக்கிலேற் என்று நினைத்தேன். திறந்தால், உள்ளே நூற்று நாற்பத்துநாலு போத்தல் பால். கரைத்த பால். மூடியைத் திறந்து சூப்பியைப் பூட்டினால் போதும், தண்ணீரும் வேண்டாம், அடுப்பும் வேண்டாம். பால்மாவைத் தொடவே கூடாது என்பது அவருடைய சட்டம். மாவில் கிருமி இருக்கும், கரண்டி கூடும் குறையும், பிள்ளையின் வயிறு கெடும் என்று வரிசையாக அடுக்கினார். ஊருலகத்துப் பிள்ளைகளில் பாதி மாவில்தான் வளருது என்றேன் நான். இருவருக்கும் அன்றே சண்டை பிடித்துக்கொண்டது.

பிள்ளையோடு நெடுந்தீவுக்குத் திரும்பினேன். எங்கள் தீவின் குடும்பநல மாது தர்சனா, நாரந்தனை ஊர்ப் பிள்ளை. எல்லாரும் அவரை மிஸ் என்றுதான் கூப்பிடுவோம். அவர் இரண்டையும் வேண்டாமென்று சொல்லவில்லை. போத்தல் பால் நல்லது, ஆனால் முடிந்துவிடும்; திறந்தால் வைத்துக் குடுக்கக்கூடாது. பால்மா கடையில் எப்போதும் கிடைக்கும். ஆனால் கை சுத்தம், போத்தல் சுத்தம், அளவு சுத்தம் எல்லாம் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கடல்நீரின் உப்பை எடுத்துத் தரும் நிலையத்துத் தண்ணீரில்தான் மாவைக் கரைக்க வேண்டும், கிணற்றுத் தண்ணீரில் இல்லை என்று இரண்டு தரம் சொன்னார்.

நான் ஓம் மிஸ் என்றேன். மனதுக்குள் சிரித்தேன்.

காக்கைக்குத் தன் குஞ்சு பொன் குஞ்சு. நெடுந்தீவானுக்குத் தன் கிணறு. அதிலும் எங்கள் வளவுக் கிணறு சும்மா கிணறில்லை. ஆவணி, புரட்டாதியில் மற்றக் கிணறுகள் எல்லாம் வாயில் வைக்க ஏலாதபடி கரிக்கும்போது, அயல் முழுதும் வாளியோடு எங்கள் படலையில் நிற்கும். நான் குடித்து வளர்ந்த தண்ணீர். அந்த நிலையத்துத் தண்ணீரோ சப்பென்று இருக்கும். அதில் தேத்தண்ணி போட்டால் அரிசி கழுவின தண்ணீரில் சாயம் விட்டதுபோல. ஒன்பது வருடம் காத்திருந்து பெற்ற பிள்ளைக்கு அந்த உயிரில்லாத தண்ணீரையா கொடுப்பது என்று நினைத்தேன்.

முதல் மூன்று கிழமை கனடாப் பால்தான். ஜொய்சி குடித்தாள், தூங்கினாள், கன்னம் வைத்தாள். ஆறாம் கிழமைக் கிளினிக்கில் நாலு கிலோ நூறு கிராம். மிஸ் கிளினிக் கொப்பியில் கோடு கீறி என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். இந்த முரடனா இதைச் செய்தான் என்ற பார்வை. எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

பன்னிரண்டு போத்தல் மிச்சமிருக்கும்போது நான் நிறுத்தினேன். பிள்ளையைத் தாயிடம் கொண்டுபோகும் நாளில் படகுக்குள் அடுப்பு மூட்ட முடியாது. அதற்கு இவை வேண்டும் என்று அலுமாரிக்குள் அடுக்கிவைத்தேன். அடுத்த நாளே பால்மா ரின்னைத் திறந்தேன்.

நான் அரைகுறையாகச் செய்யவில்லை. கை கழுவினேன். போத்தலை அவித்தேன். கரண்டியை மட்டம் தட்டினேன். தண்ணீரை ஒருமுறை காய்ச்சினால் கிருமி சாகும் என்றால், மூன்று முறை காய்ச்சினால் அதன் பரம்பரையே சாகும் என்பது என் கணக்கு. சருவச்சட்டி நிறையக் கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சி, ஆறவிட்டு, திரும்பக் காய்ச்சி, திரும்ப ஆறவிட்டு, மூன்றாம் தரமும் காய்ச்சினேன். முடிவில் அரைச்சட்டிதான் மிஞ்சும். சுத்தமான அரைச்சட்டி என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாளிலிருந்து ஜொய்சி அழத் தொடங்கினாள். அழுகை என்றால் சும்மா அழுகை இல்லை. போத்தலைக் கண்டால் பாய்ந்து குடிப்பாள், குடித்ததைச் சத்தியெடுப்பாள், திரும்ப அழுவாள். உதடு காய்ந்தது. நனைகிற துணி குறைந்தது. பசிதான் என்று நினைத்து நான் இன்னும் கரைத்தேன். இன்னும் கவனமாகக் காய்ச்சினேன். இரண்டாம் கிழமை முடிவில் நானும் அவளோடு சேர்ந்து அழுதேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

எட்டாம் கிழமைக் கிளினிக்கில் தராசு நாலு கிலோ ஐம்பது காட்டியது. கூட வேண்டிய பிள்ளை குறைந்திருந்தாள். கொப்பியில் மேலே ஏறிக்கொண்டிருந்த கோடு கீழே வளைந்தது. மிஸ் பிள்ளையின் வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பார்த்தார். முகம் மாறியது. இப்போதே தீவு ஆசுபத்திரிக்கு எழுதித் தருகிறேன், டொக்டரிடம் கொண்டுபோங்கள் என்றார். பிறகு கேட்டார்.

"அண்ணை, எந்தத் தண்ணியிலை கரைக்கிறீங்கள்?"

"நீங்கள் சொன்ன தண்ணிதான், மிஸ்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். அவருக்குப் பின்னால் பத்துத் தாய்மார் நின்றார்கள். அவர்களுக்கு முன்னால் பேச்சு வாங்க எனக்கு மனமில்லை. அந்தப் பொய்யை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசுகிறது. டொக்டர் பின்னேரம் இரண்டு மணிக்குத்தான் வருவார் என்றார்கள். அதற்குள் அடுத்த நேரப் பாலைக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று வீட்டுக்கு வந்தால், வாசலில் மச்சாள்.

பிரேமினி போனில் பிள்ளையின் அழுகையைக் கேட்டுக் கேட்டுப் பயந்துபோய் அக்காவை அனுப்பியிருந்தாள். காலைப் படகில் குறிகட்டுவான் துறையிலிருந்து வந்திருந்தார். கிளினிக் கொப்பியைப் பறித்துப் பார்த்தார். அலுமாரியைத் திறந்து ஒரு கனடாப் போத்தலை எடுத்து, சூப்பியைப் பூட்டி, பிள்ளையை மடியில் வைத்தார். ஜொய்சி முழுவதையும் குடித்தாள். சத்தி எடுக்கவில்லை. அரைமணித்தியாலத்தில் கண்ணை மூடிவிட்டாள். இரண்டு கிழமையாக நான் காணாத நித்திரை அது.

"பாத்தீரே, றொபேட்?" என்றார் மச்சாள். "நான் சொன்னனான். அந்த மா இவளுக்கு ஒத்துவராது. உம்மட பிடிவாதத்துக்குப் பிள்ளையைக் குடுக்க ஏலாது. நான் வத்தளைக்குக் கொண்டுபோறன். கொழும்பிலை இந்தப் பால் எடுக்கலாம், இல்லாட்டி நான் அனுப்புவன்."

நான் கத்துவதற்கு வாயைத் திறந்தேன். அவர் போனை நீட்டினார். மறுமுனையில் பிரேமினி.

"இஞ்சேருங்கோ, அக்கா சொல்லுறதைக் கேளுங்கோ. எனக்குப் பிள்ளை பக்கத்திலை இல்லாட்டியும் பரவாயில்லை. உயிரோடை வேணும்."

பிரேமினி சுகமாக ஒரு வருடம்கூட ஆகலாம். ஒரு வருடம் வத்தளையில் வளர்கிற பிள்ளை என்னைக் கண்டால் யாரோ மாமா என்றுதான் நினைக்கும். தாயின் பாலும் இல்லை, தகப்பனின் கையும் இல்லை என்றால் இந்தப் பிள்ளை எங்களுக்குப் பிறந்து என்ன பயன்? அந்த யோசனையில் கல்லாய் நின்றபோதுதான் குசினிக்குள்ளிருந்து காந்தல் மணம் வந்தது.

வந்தவுடன் மூன்றாம் தரம் காய்ச்ச அடுப்பில் வைத்த தண்ணீர். சண்டையில் மறந்துவிட்டேன். ஓடிப்போய் அடுப்பை அணைத்தேன். சட்டியில் ஒரு சொட்டுத் தண்ணீரும் இல்லை. அடியிலும் சுற்றிவரவும் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. சட்டி ஆறியதும் நகத்தால் சுரண்டினேன். ஏன் செய்தேனோ தெரியாது, விரலை நாக்கில் வைத்தேன்.

உப்பு.

சித்திரை வெயிலில் கடற்கரைக் கல்லுக்குழிகளில் தேங்குகிற தண்ணீர் வற்றி உப்பாகப் படிவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவன் நான். அதைச் சுரண்டி மாங்காயோடு தின்றவன். தண்ணீர் வற்ற வற்ற உப்புத்தான் மிஞ்சும் என்று கடற்கரையில் பிறந்த எவனுக்கும் யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. ஆனால் என் குசினியில், என் சட்டியில், என் கிணற்றுத் தண்ணீரை நான் இரண்டு கிழமையாக அதேபோல வற்றவைத்து வற்றவைத்துப் பிள்ளைக்குக் கொடுத்திருக்கிறேன். என் நாக்கு அந்த உப்பிலேயே ஊறிப்போனது. அதற்கு ஒன்றும் தெரியவில்லை. பிள்ளையின் உடம்புக்குத் தெரிந்தது. உப்புத் தின்றவன் தண்ணீர் குடிப்பான் என்பார்கள். என் பிள்ளை தண்ணீருக்காக அழுதாள், நான் திரும்பத் திரும்ப உப்பையே கொடுத்தேன்.

சட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு முன்னறைக்கு வந்தேன். மச்சாளுக்கு முன்னால் தரையில் வைத்தேன்.

"மாவும் பிழையில்லை, உங்கட பாலும் பிழையில்லை" என்றேன். "தண்ணிதான் பிழை. என்ரை கிணறு. மிஸ் சொன்னவ, நான் கேக்கேல்லை. கிளினிக்கிலை பொய்யும் சொல்லிப்போட்டன்."

என் வாழ்க்கையில் இவ்வளவு பிழையை ஒரே மூச்சில் ஒத்துக்கொண்டது அதுதான் முதல் தடவை. மச்சாள் விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். முகத்தைச் சுளித்தார். பிறகு பிள்ளையைத் துணியில் சுற்றிக்கொண்டு எனக்கு முன்னமே வாசலில் இறங்கினார்.

ஆசுபத்திரியில் டொக்டருக்கும் உண்மையைச் சொன்னேன். தர்சனா மிஸ்ஸும் வந்து நின்றார். டொக்டர் உச்சிக்குழியைத் தடவிப் பார்த்தார், இரத்தம் எடுத்தார். உப்பு ஏறியிருக்கிறது, இன்னும் ஒரு கிழமை போயிருந்தால் இந்தக் கதை வேறு என்றார். இரண்டு நாள் வார்டில் வைத்தார்கள். அதே பால்மாவை நிலையத்துத் தண்ணீரில் மிஸ் தன் கையால் கரைத்துக் காட்டினார். ஜொய்சி குடித்தாள். அழவில்லை. பால்மாவைக் குடித்துவிட்டு என் பிள்ளை அமைதியாகக் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். மிஸ் என்னை ஏசியிருக்கலாம். ஏசவில்லை. கிளினிக்குக்கு வருகிற முன்னூறு பேரிடமும் இதைத்தான் சொல்கிறேன், முன்னூறு பேரும் ஓம் மிஸ் என்றுதான் சொல்கிறார்கள் என்று மட்டும் சொன்னார். அது ஏச்சைவிட மோசம்.

மச்சாள் லேசில் விடுகிற ஆளில்லை. அவருடைய லீவு முடிய மூன்று கிழமை இருந்தது. பதினாலாம் நாள் கிளினிக்குக்குத் தான் வருவதாகவும், கோடு மேலே ஏறாவிட்டால் பிள்ளை அன்றே தன்னோடு வத்தளைக்கு என்றும் சொன்னார். அலுமாரியில் இருந்த போத்தல்களை எண்ணினார். பதினொன்று. "இதிலை ஒண்டிலை கை வைச்சாலும் நீர் தோத்தது" என்றார். எனக்குக் கோபம் வரவில்லை. அந்த நிபந்தனை எனக்கும் பிடித்திருந்தது. ஜெயித்தால் முழுதாக ஜெயிக்க வேண்டும்.

அடுத்த நாள் விடிய சைக்கிள் கரியரில் கானைக் கட்டிக்கொண்டு நிலையத்துக்குத் தண்ணீர் எடுக்கப் போனேன். வரிசையில் நின்றவர்கள் என்னைப் பார்த்து ஆளையாள் பார்த்தார்கள். குழந்தைவேலு அண்ணை, எங்கள் கிணற்றில் முப்பது வருடம் அள்ளியவர், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பாரா? அல்வாக் கடைக்காரன் சீனி கடன் வாங்க வந்திட்டான் என்றார். வேறு நாளென்றால் கான் அவர் தலையில் இருந்திருக்கும். நான் நடந்ததைச் சொன்னேன். அவருக்குச் சிரிப்பு நின்றது. அவருடைய மகளுக்கு நாலு மாதப் பிள்ளை. மறுநாள் அவரும் இரண்டு கானோடு வந்தார்.

பதினாலு நாளும் ஒரே ஒழுங்கு. தண்ணீரை ஒரே ஒரு தரம் கொதிக்கவிட்டு, மூடி வைத்து, சூடு அதிகம் ஆறமுன் அளந்து, பிறகு மா. ஒவ்வொரு கரண்டியும் மட்டம். மிஞ்சியதை ஊற்றிவிட வேண்டும். எனக்கு அது வயிற்றெரிச்சல்தான், ஆனாலும் ஊற்றினேன். நாலாம் நாள் நனைகிற துணி கொடி நிறைந்தது. ஈரத்துணியைக் கண்டு சந்தோஷப்பட்ட ஆம்பிளை இந்தத் தீவில் நானாகத்தான் இருப்பேன். பத்தாம் நாள் ஜொய்சி என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். வாயுச் சிரிப்பு என்று மிஸ் சொல்லக்கூடும் என்று பயந்து அவரிடம் நான் சொல்லவில்லை.

பதினாலாம் நாள் காலைப் படகில் மச்சாள் வந்தார். கையில் வெறும் பயணப்பை. பிள்ளையின் உடுப்பு வைக்கத்தான் என்று எனக்குத் தெரியும். வந்ததும் பிள்ளையை என் கையிலிருந்து வாங்கினார். ஒரு கணம் அப்படியே நின்றார். பிறகு போனை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போய் யாரோடோ கொஞ்ச நேரம் கதைத்தார். திரும்பி வந்து அலுமாரியைத் திறந்து போத்தல்களை எண்ணினார். மூடி உடையாமல் பதினொன்றும் இருந்தன. ஒன்றும் சொல்லவில்லை. கிளினிக்குக்கு நடந்தோம்.

கிளினிக் மண்டபம் நிறையத் தாய்மார். பிரேமினி வீடியோவில் வந்தாள். தலையணையில் சாய்ந்திருந்தாள், தலை வாரியிருந்தாள், கழுத்தில் செபமாலை. நான் போனைத் தராசுக்கு நேரே பிடித்தேன். படம் ஆடியது. மச்சாள் போனைப் பறித்துத் தான் பிடித்துக்கொண்டார். மிஸ் ஜொய்சியின் சட்டையைக் கழற்றிக் கிடத்தினார். அவள் காலை உதைத்ததில் எண்கள் ஓடின. பிறகு நின்றன.

நாலு கிலோ அறுநூற்றைம்பது.

பதினாலு நாளில் அறுநூறு கிராம். மிஸ் கொப்பியில் கோடு கீறினார். அது கீறின கோடா, ஏறின கோடு. மண்டபத்தில் யாரோ கைதட்டினார்கள். இரண்டு பேர், பிறகு பத்துப் பேர். எனக்குக் கண்ணால் ஒழுகியது, நான் துடைக்கவில்லை. பார்க்கிறவர்கள் பார்க்கட்டும்.

போனுக்குள்ளிருந்து பிரேமினியின் குரல் வந்தது.

"மிஸ், இன்னொருக்கா நிறுப்பியளே? நான் வடிவாப் பாக்கேல்லை."

அவள் பார்த்தாள் என்று எல்லாருக்கும் தெரியும். வரிசையில் நின்ற பெண்கள் ஒருத்தரும் முணுமுணுக்கவில்லை. மிஸ் பிள்ளையைத் தூக்கி, தராசைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்து, திரும்பவும் கிடத்தினார். அதே எண். இந்தத் தடவை பிரேமினி அதைத் தன் வாயால் மெதுவாக வாசித்தாள், தன் பிள்ளையின் பேரை வாசிப்பதுபோல. பிறகு மூச்சை இழுத்துக்கொண்டு சொன்னாள்.

"அக்கா, வத்தளைக்குப் போன் எடுத்து, பிள்ளை வரேல்லை எண்டு சொல்லிவிடுங்கோ. ஞாயிற்றுக்கிழமை அவளை இவரே என்னட்டைக் கொண்டுவரட்டும். படகிலை குடுக்கிறதுக்குத்தான் உங்கட பால் இருக்கே."

"அதெல்லாம் காலமையே சொல்லிப்போட்டன்" என்றார் மச்சாள். "பிள்ளையைத் தூக்கினவுடனை. எனக்கென்ன, கைக்குப் பாரம் தெரியாதே?"

போனை மிஸ்ஸிடம் கொடுத்துவிட்டு, ஜொய்சிக்குச் சட்டையைப் போட்டு, பொத்தானைப் பூட்டி, அவளை என் கையில் தந்தார்.